ஜன்னலோர மேசை

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் இன்னும் இதே பெங்களூரில்தான் எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்கு எடுக்கும் முன் ஆளின் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கிற ஊர் இது. "பிரச்சினை பண்ற ஆள்" என்று ஒரு கம்பெனியில் பேர் வாங்கினால், அடுத்த நாலு கம்பெனியில் கூப்பிடக்கூட மாட்டார்கள். அதனால் அக்கா என்றே இருக்கட்டும். ஆபீசிலும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர்.

அவரை நினைத்தால் முதலில் ஒரு பஸ் ஞாபகத்துக்கு வருகிறது. சிவாஜிநகரில் ஏறியிருந்தோம். நீலசந்திரா போகவேண்டிய ஒரு பெண்மணி, சித்தாள் வேலை பார்ப்பவர், தலையில் சிமெண்ட் தூசி கூடப் போகவில்லை, தவறான பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று கண்டக்டர் கன்னடத்தில் காய்ச்சிக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதா, கண் இல்லையா என்றெல்லாம். அந்த அம்மா தமிழில், "தெரியலப்பா, நான்தான் சரியா பாக்கல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் அக்கா விறுவிறுவென்று இறங்கி பஸ்ஸின் முன்பக்கம் போனார். திரும்பி வந்து படியில் நின்றபடியே, "போர்டு நோடி சார்! கெளகே பந்து போர்டு நோடி!" என்று கத்தினார். கீழே இறங்கி வந்து பலகையைப் பாருங்கள் என்று. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்தார். முந்தைய நடையின் பலகையை மாற்றவே இல்லை.

கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அக்கா அந்த அம்மாவிடம் திரும்பினார். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"இன்னாத்துக்கு நான்தான் பாக்கலன்ற? நீ பாத்த. ஒழுங்காத்தான் பாத்த. அவங்க போர்டு மாத்தல. சொல்லு."

அந்த அம்மா பயந்துபோய், "சரிம்மா" என்றார். அவருக்கு கண்டக்டரைவிட அக்காவிடம்தான் அதிகம் பயம் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா இப்படித்தான். ஒரு தப்பு நடந்தால் அது யாருடையதோ அவர்கள் பெயரில்தான் இருக்கவேண்டும். வேறொருவர் தலையில் விழுந்துவிட்டால் அவரால் சோறு தின்ன முடியாது. அந்த வேறொருவரே "பரவாயில்லை, என் மேலேயே இருக்கட்டும்" என்றால் கோபம் இரண்டு மடங்காகும்.

இதற்கு ஏதாவது காரணம் இருக்கும், சின்ன வயதில் பட்ட அடி, அப்பாவுக்கு நடந்த அநியாயம் என்று ஏதாவது, என நான் தேடியிருக்கிறேன். ஒருமுறை கேட்டும் விட்டேன். "ஏன்னா இன்னா ஏன்? அவங்கவங்க தப்பு அவங்கவங்களுது. இதுக்கு ஒரு கதை வேற வேணுமா உனக்கு?" என்றார். மர்பி டவுனில் அவர் வீட்டுக்கு ஒரு தடவை சாப்பிடப் போயிருந்தேன். முன் அறையில் புத்தர் படம், அதற்குக் கீழே டிவி, எதிரே ஒரு நாற்காலி நிறைய மடிக்காத துணி. பால் பொங்கி வழிந்ததற்கு அக்காவின் தம்பி தன் மனைவியைக் கடிந்துகொண்டிருந்தார். அக்கா அடுப்படிக்குள் போய் அடுப்புத் திருகியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அது சிம்மில் நிற்காமல் நழுவுகிறது என்று நிரூபித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். தம்பியைத் தன் மனைவியிடம் "திருகி கெட்டிருக்கு" என்று வாயால் சொல்ல வைத்தார். அக்காவின் அம்மா என் தட்டில் குழம்பை ஊற்றியபடி, "இவகிட்ட ஞாயம் கேட்டா சோறு ஆறிப் பூடும். நீ சாப்டுப்பா" என்றார்.

தன் விஷயத்திலும் அப்படித்தான். வெளிநாட்டு கிளையன்ட்டோடு பேசும் கூட்டத்தில் ஒருநாள், சோதனை முடிவுகள் தப்பாகப் போனதற்கு எங்கள் மேனேஜர் நெட்வொர்க்கைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தார். கிளையன்ட்டும் நம்பிவிட்டார். அக்கா மைக்கைத் திறந்து, "நெட்வொர்க் இல்லை. நான் பழைய கோப்பை வைத்து ஓட்டிவிட்டேன். என் தவறு. மாலைக்குள் மறுபடி தருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மைக்கை மூடினார். மேனேஜரின் முகம் போன போக்கை நான் திரையில் பார்த்தேன். மேனேஜர் அவரை வெறுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பொய்யில் பங்கெடுக்காத ஆளை எப்படி மன்னிப்பது?

நான் செங்கத்திலிருந்து வந்து அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு ஜன்னலோர வரிசையில் ஒரு மேசை கொடுத்தார்கள். மரம் தெரியும், வெளிச்சம் நன்றாக இருக்கும். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவள் மகேஸ்வரி என்ற பெண், கிருஷ்ணகிரிக்காரி, "வேகம் பத்தாது" என்று அனுப்பிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வேலை, ஒரு செயலியைப் பத்துப் பன்னிரண்டு மாதிரிப் போன்களில் ஓட்டிப் பார்ப்பது. அந்தப் போன்கள் எல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே ஓடும். அதோடு வீடியோ கூட்டமும் சேர்ந்தால் லேப்டாப்புக்கு நல்ல சுமை. என் லேப்டாப் காலையில் சும்மா இருக்கும்போது பறக்கும். சோதனையைத் தொடங்கிச் சற்று நேரத்தில் படுத்துவிடும். ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் நான் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கூட்டத்தில் நான் பேசுவது அவர்களுக்குத் துண்டு துண்டாகக் கேட்கும்.

சப்போர்ட்டில் சொன்னேன். ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார்கள். நிறைய டேப் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். படம் ஏதாவது டவுன்லோடு பண்ணினீர்களா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அறைக்கே போனேன். அங்கே வைத்து ஓட்டினால் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது! "நல்லாதானே இருக்கு?" என்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். வேலை செய்யாதவன் சாக்குச் சொல்ல வந்திருக்கிறான் என்ற பார்வை. திரும்பி என் மேசையில் வைத்ததும் மறுபடி படுத்தது.

கொஞ்ச நாளில் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார். தமிழர்தான், கோயம்புத்தூர் பக்கம். தேன் ஒழுகப் பேசுவார்.

"உங்க நம்பர்ஸ் சரியா இல்லைங்க. ரூம்ல எதாச்சும் பிரச்சினைங்களா? தூக்கம் வருதுங்களா நைட்டு?"

"லேப்டாப் மெதுவா போகுது சார்."

"எல்லார்த்துக்கும் அதே லேப்டாப்தானுங்களே?"

பி.ஐ.பி.யில் போட்டார்கள். அதாவது, சொன்ன காலத்துக்குள் தேறு, இல்லாவிட்டால் கிளம்பு. நான் ஊருக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து நீ மெதுவானவன் என்றால் கை தானாக மெதுவாகிவிடுகிறது.

அக்காவுக்கு இது கேன்டீனில்தான் தெரிந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "ஓட்டு" என்றார். ஓட்டினேன். ப்ராசஸர் வேகத்தைக் காட்டும் கட்டத்தைத் திரையின் மூலையில் திறந்து வைத்தார். மூன்றுக்கு மேல் நின்ற எண், சுமை ஏறியதும் சரசரவென்று அரைக்கும் கீழே விழுந்து அங்கேயே கிடந்தது. அக்கா லேப்டாப்பின் முதுகில் கையை வைத்தார். பிறகு காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஓடி ஓடி சூடாயி, அதனால நின்னா ஒத்துக்கலாம். இது சூடே ஆவல. ஃபேன்கூட சுத்தல. ஓடாமயே இன்னாத்துக்கு படுக்குது?"

பிறகு ஒரு காரியம் செய்தார். இத்தனை பேர் செய்திருக்கவேண்டிய, ஒருவரும் செய்யாத, எளிய காரியம். தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேசையில் சொருகினார். என்னுடையதைத் தன் மேசைக்குக் கொண்டுபோனார். ஒரே சோதனையை இரண்டிலும் ஓட்டினோம். அக்காவின் மேசையில் என் லேப்டாப் பறந்தது. என் மேசையில் அக்காவின் லேப்டாப் படுத்தது.

"நீ இல்ல. லேப்டாப்பும் இல்ல. மேசை" என்றார் அக்கா.

மேசைக்கடியில் குனிந்து, கட்டிவைத்திருந்த சார்ஜரை இழுத்து, பின்னாலிருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு தன் மேசைச் சார்ஜரைப் பிடுங்கி வந்து பக்கத்தில் வைத்தார். பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. அவருடையது அறுபத்தைந்து வாட். என்னுடையது நாற்பத்தைந்து. ஜன்னலோர வரிசையைப் புதிதாகப் போட்டபோது வேறொரு சின்ன மாடலுக்கான சார்ஜரை வாங்கி வரிசை முழுக்கக் கட்டிவிட்டிருக்கிறார்கள். சார்ஜரிலிருந்து வரும் சக்தி போதவில்லை என்று தெரிந்ததும் லேப்டாப் தன் ப்ராசஸரைத் தானே அடக்கிக்கொள்கிறது. சார்ஜரில்லாமல் சப்போர்ட் அறைக்குக் கொண்டுபோனால் பேட்டரியில் ஒழுங்காக ஓடுகிறது. அந்த வரிசையில் மற்றவர்களுக்கு மெயில், எக்செல் என்று லேசான வேலை. அவர்களுக்கு வேகம் குறைந்ததே தெரியவில்லை. கனமான வேலை செய்தவர்கள் என் மேசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும்தான். மகேஸ்வரி. பிறகு நான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"சின்ன சார்ஜர் சொருவினா ஆன் பண்றப்போவே இது மெசேஜ் காட்டணுமே. 'சார்ஜர் பத்தல'ன்னு. எங்க அது?"

சப்போர்ட்டில் ஹாசன் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், நல்ல மனுஷன். அக்கா அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நானும் நின்றேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு தன் கன்னடத் தமிழில் சொன்னார்:

"மெசேஜ் வந்துட்டேதான் இருந்துச்சு மேடம். புது வரிசை போட்டப்போ எல்லாரும் கம்ப்ளெயின்ட். மேலே சொன்னோம். சார்ஜர் மாத்த பட்ஜெட் இல்லா, அந்த மெசேஜ் வராத மாதிரி செட்டிங் மாத்திடுன்னாங்க. மாத்திட்டோம். ப்ளீஸ் மேடம், நன் ஹெசரு பேடா."

என் பெயர் வேண்டாம் என்று கும்பிட்டார். "உங்க பேர் வராது" என்றார் அக்கா.

இதை எழுதும்போதும் என் உடம்பு எரிகிறது. யாருக்கும் தெரியாமல் நடந்த பிழை என்றால் மனிதர்கள்தானே என்று விடலாம். அந்தக் கருவியே ஒவ்வொரு நாள் காலையிலும் "எனக்குப் போதவில்லை" என்று எழுதிக் காட்டியிருக்கிறது. அதைப் படித்தவர்கள் அதன் வாயை அடைத்துவிட்டு, அதே மேசையில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, நீ மெதுவானவள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அதே நாற்காலியில் என்னை.

அக்கா எல்லாவற்றையும் எழுதி மேனேஜருக்கும் அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் ஜன்னலோர வரிசை முழுக்கப் புதுச் சார்ஜர்கள் வந்துவிட்டன. இல்லாத பட்ஜெட் எங்கிருந்தோ வந்தது. எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது, ஊழியர் வசதியை மேம்படுத்தும் முயற்சி என்று. என் பி.ஐ.பி.யையும் முடித்துவிட்டார்கள். வழிகாட்டுதலுக்குப் பிறகு ஊழியரின் செயல்திறன் முன்னேறியது என்று அதில் குறித்திருந்தார்கள்.

நான் நிம்மதியாக அக்காவிடம் போய்ச் சொன்னேன். பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்த அதே பார்வை.

"நீ எங்கடா முன்னேறின? நேத்து இருந்த அதே ஆள்தான நீ? சார்ஜர்தான மாறிச்சி?"

"வேலை போகலல்லக்கா? விடுங்கக்கா."

"நீ விடு. நான் விட மாட்டேன்."

கூட்டம் போட்டார்கள். மேனேஜர், ஹெச்.ஆர். அம்மா ஒருவர், அக்கா, சாட்சிக்கு நான்.

"எல்லார்த்துக்கும் புது சார்ஜர் வந்தாச்சுங்க" என்று சிரித்தார் மேனேஜர். "இனி மூவ் ஆன் ஆகலாமுங்களே?"

"யார் சார் மூவ் ஆன் ஆவணும்? மகேஸ்வரியா? அந்தப் பொண்ணுக்கு ஒரு மெயில் போடுங்க. தப்பு எங்களுதுன்னு. இவர் ரெக்கார்டையும் மாத்துங்க. அவ்ளோதான் நான் கேக்கறது."

ஹெச்.ஆர். அம்மா பேனாவை மூடி வைத்தார். "அதெல்லாம் பழைய கேஸ். லீகலா நிறைய இருக்கு. அது போகட்டும், அந்த செட்டிங் விஷயம் உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யார் சொன்னா இன்னா மேடம்? உண்மையா இல்லையா?"

"கான்ஃபிடென்ஷியல் விஷயம். சொன்ன ஆளை நாங்க தெரிஞ்சுக்கணும்."

"மாத்தச் சொன்ன ஆளைத் தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

மேனேஜர் இருமினார்.

அவர்கள் விடவில்லை. பெயரைச் சொல், அல்லது மெயிலில் பேசிய தொனிக்கு மன்னிப்பு எழுதிக் கொடு. அக்கா இரண்டையும் செய்யவில்லை. எலக்ட்ரானிக் சிட்டி கிளைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு வேலையே தரவில்லை. காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு காலி மேசையில் உட்கார்ந்து, மாலையில் திரும்பி வருவது. எங்களிடம் பத்து நிமிஷ தாமதத்துக்குக் கணக்குக் கேட்கும் கம்பெனி, நன்றாக வேலை தெரிந்த ஒரு மனுஷியைச் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தது, அவர் தானாகப் போகவேண்டும் என்பதற்காக. ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஹாசன்காரர் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

வேலையை விட்ட அந்த வாரமே அக்கா போன் செய்தார். "ஞாயித்துக்கெழமை ஃப்ரீயா? கிருஷ்ணகிரி போவணும். போன்ல சொல்ற விஷயம் இல்ல."

மகேஸ்வரி அங்கே ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கூட்டம். அக்காவைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து, "டீ சொல்லட்டாக்கா?" என்று கேட்டாள். அவள் டீ சொல்லி அனுப்பியபோது, பின்னாலிருந்து கடைக்காரர், "எங்க பெங்களூர் மேடத்துக்கு பில்லு போடவே அரை நாள் ஆவும்" என்று வாடிக்கையாளரிடம் கேலி செய்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அக்கா கல்லாப் பக்கத்தில் நின்றே சொன்னார். மேசை, சார்ஜர், அடைத்துவைத்த மெசேஜ், எல்லாம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. மகேஸ்வரி ஒரு புடவையைப் பைக்குள் வைத்தபடி கேட்டாள்.

"பரவால்லக்கா" என்றாள் முதலில். "எனக்கும் கொஞ்சம் ஸ்பீடு கம்மிதான்."

அக்கா கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

மகேஸ்வரியின் கை பைக்குள்ளேயே நின்றது. "மெசேஜ் வந்துச்சா? ஆஃப் பண்ணாங்களா?"

"ஆமா."

"நான் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"அந்த மேனேஜர் என்னை உள்ள கூப்ட்டு, வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்களா, அதான் கவனம் இல்லையான்னு கேட்டாருக்கா. நான் அழுதுட்டே சாரி சார்னேன். அப்பவும் அந்த சார்ஜர் அங்கதான இருந்துச்சி?"

"அங்கதான் இருந்துச்சி."

"இப்ப எல்லாத்தையும் மாத்திட்டாங்களா? எனக்கு ஒரு மெயில்கூட இல்ல?"

"கேட்டேன். போட முடியாதுன்னுட்டாங்க."

அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். காது மடல்கள் சிவந்தன. புடவைப் பையைக் கல்லாமேல் வைத்தாள். "அவரு நம்பர் இருக்கா?" என்றாள். என்னிடம் இருந்தது. தன் போனில் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே போய், பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"சார், நான் மகேஸ்வரி பேசறேன்... கிருஷ்ணகிரி மகேஸ்வரி. ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தேன்... ஞாபகம் இல்லீங்களா? பரவால்ல, நான் ஞாபகப்படுத்தறேன். கட் பண்ணாதீங்க. பண்ணா திரும்பத் திரும்பப் பண்ணுவேன்."

அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே பில்லுக்கு நின்ற வரிசை முணுமுணுத்தது. கடைக்காரர், "யம்மா, ஞாயித்துக்கெழமை யாவாரத்துல என்னம்மா இது, கூப்புடுங்க அந்தப் பொண்ண" என்று எழுந்தார்.

அக்கா கல்லாவுக்குப் பின்னால் போய், மகேஸ்வரியின் நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசையில் முதலில் நின்றவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் தலையைக் காட்டிச் சொன்னார்:

"கொஞ்சம் இருங்க. அந்தப் பொண்ணு முக்கியமான வேலைல கீது."